புழுவெட்டு: மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் மருந்துக் கடையில் நிற்கும் பார்மசிஸ்ட் நான், டாக்டர் இல்லை. புழுவெட்டு பற்றி கவுண்டரில் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையோ களிம்போ நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

புழுவெட்டுன்னா நிஜமாவே புழு வந்து முடியைத் திங்குதா?

இல்லை. புழு, பூச்சி, பேன், கிருமி எதுவும் கிடையாது. டாக்டர் சீட்டில் அலோபீசியா ஏரியேட்டா என்று எழுதுவார். கிருமிகளோடு சண்டை போட நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, அதில் டி செல் என்று ஒரு வகை, அது ஆள் தெரியாமல் நம் முடியின் வேர்ப் பையையே தாக்க ஆரம்பிப்பதுதான் இந்த நோய். சாதாரணமாக வளர்கிற முடியின் வேரை எதிர்ப்பு சக்தி சீண்டாது, அந்த இடத்துக்கு இயற்கையிலேயே ஒரு காப்பு உண்டு. அந்தக் காப்பு குலைந்ததும் அணுக்கள் உள்ளே நுழைந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வேரைச் சுற்றித் தேனீக்கூட்டம் மொய்த்த மாதிரி இருக்கும் என்று மருத்துவப் பாடத்திலேயே சொல்வார்கள்.

இதில் முக்கியமானது, வேர் சாவதில்லை. வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் வருஷக்கணக்கில் வழுக்கையாகக் கிடந்த இடத்தில்கூட முடி திரும்ப முளைத்தவர்கள் உண்டு. அதே காரணத்தால்தான், அந்தத் தோலைச் சுட்டுப் புண்ணாக்கித் தழும்பாக்கி விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கத்துகிறேன்.

எனக்கு வந்திருக்கிறது அதுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திடீரென்று, பெரும்பாலும் வீட்டில் வேறு யாரோ அல்லது முடி வெட்டுகிறவர் சொல்லித்தான் தெரியவரும். ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாக, வழவழவென்று, செதில் இல்லாமல், சீழ் இல்லாமல், வலி இல்லாமல் ஒரு இடம். சிலருக்கு லேசான அரிப்போ குறுகுறுப்போ இருக்கலாம். ஓரத்தில் உற்றுப் பார்த்தால் மேலே தடிப்பாகவும் அடியில் மெலிந்தும் குட்டை குட்டையாக முடிகள் நிற்கும், ஆச்சரியக்குறி போல என்று டாக்டர்கள் அடையாளம் சொல்வார்கள். அப்படி முடி நின்றால் நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நகத்தையும் பாருங்கள், ஊசியால் குத்தினது போல சின்னச் சின்னப் பள்ளங்கள் சிலருக்கு இருக்கும்.

தலையில் மட்டும்தான் என்றில்லை. தாடி, மீசை, புருவம், இமை, கை கால் முடி, எங்கே வேண்டுமானாலும் வரலாம். பின்மண்டையில் காதுக்குக் காது பட்டை போல வருவது ஒரு வகை, அது கொஞ்சம் பிடிவாதமானது. சிலருக்கு மட்டும், ரொம்பக் குறைவான பேருக்கு, தலை முழுக்கவோ உடம்பு முழுக்கவோ முடி போய்விடும்.

வேற எதையாவது புழுவெட்டுன்னு தப்பா நினைச்சுக்க வாய்ப்பு இருக்கா?

நிறைய. குழந்தைக்கு வட்டமாக முடி போயிருக்கிறது, ஆனால் செதில் உரிகிறது, அரிக்கிறது, முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளியாகத் தெரிகிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் படர்தாமரை. அதாவது பூஞ்சைக் காளான். அது ஒட்டும். அதற்குக் களிம்பு போதாது, வாரக்கணக்கில் உள்ளுக்கு மாத்திரை வேண்டும். இதற்குப் புழுவெட்டுக் களிம்பைப் போட்டால் நோய் இன்னும் பரவும்.

இறுக்கி இறுக்கிச் சடை போடுகிற பெண்களுக்கு நெற்றி ஓரமும் காதுக்கு மேலேயும் முடி ஏறிப்போவது வேறு. பதற்றத்தில் தன் முடியைத் தானே பிடுங்குகிற பிள்ளைகளின் கதை வேறு, அங்கே முடி ஒரே இடத்தில் பல நீளத்தில் ஒடிந்து நிற்கும். தோல் சுருங்கி மினுங்கி, வேர்த் துவாரமே தெரியாமல் போயிருந்தால் அது தழும்பு விழுகிற வகை, அதற்குத்தான் அவசரம், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பூச்சி அரித்த துணி மாதிரி அங்கங்கே பிய்ந்து தெரிந்தால் பால்வினை நோயான சிபிலிஸுக்கும் ரத்தம் பார்ப்பார்கள். டாக்டர் அதைக் கேட்டால் கோபப்படாதீர்கள், அது அவர் வேலை.

அண்ணே, படர்தாமரைக்கும் புழுவெட்டுக்கும் சேர்த்துக் கேட்குற மாதிரி ஒரு டியூப் குடுங்களேன்?

தர மாட்டேன். ஒரே டியூப்பில் ஸ்டீராய்டு (எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து), பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்து வருகிற களிம்புகள் நாட்டையே கெடுத்து வைத்திருக்கின்றன. பூஞ்சை இருக்கிற இடத்தில் ஸ்டீராய்டு பட்டால் அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் வளரும், கடைசியில் டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஆகிவிடும். நான் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

எங்க ஊர் உப்புத் தண்ணிதான் காரணமா?

இந்தக் கரையில் யாருக்கு முடி கொட்டினாலும் முதலில் மாட்டுவது தண்ணீர்தான். போர் தண்ணீரில் குளித்தால் முடி சொரசொரப்பாகும், சிக்குப் பிடிக்கும், நுனி ஒடியும், சோப்பு நுரைக்காது, எல்லாம் உண்மை. ஆனால் வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் முடி போவதற்குத் தண்ணீர் காரணம் ஆகாது. காவிரித் தண்ணீரில் மட்டும் தலை குளிக்கிற வீட்டிலும் வருகிறது. கடலில் குளிப்பதாலும், தொப்பி, தலைத்துண்டு, ஹெல்மெட், பர்தா போடுவதாலும் வராது. கீழக்கரையிலிருந்து ஒரு அம்மா, மகள் எப்போதும் தலையை மூடியிருப்பதால் வேர்த்து வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை.

சலூன்ல இருந்து ஒட்டிக்கிச்சா? வீட்ல மத்தவங்களுக்கு வருமா?

புழுவெட்டு ஒட்டாது. ஒரே சீப்பு, ஒரே தலையணை, ஒரே துண்டு, எதனாலும் பரவாது. படர்தாமரைதான் மெஷினில் ஒட்டும். அதனால் பிளேடு மாற்றச் சொல்வது நல்லதுதான், ஆனால் அந்தச் சலூன்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ஏன் எனக்கு வந்துச்சு?

ஒரே காரணம் என்று கையை நீட்ட முடியாது. உலகத்தில் நூறு பேரில் சுமார் 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரும், அபூர்வம் ஒன்றும் இல்லை. ஆண், பெண், குழந்தை யாருக்கும் வரலாம், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 40 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. தைராய்டு கோளாறு, வெண்புள்ளி, கரப்பான், ஆஸ்துமா இருக்கிறவர்களிடமும் அவர்கள் குடும்பத்திலும் கொஞ்சம் அதிகம் பார்க்கலாம், ஏனென்றால் இவை பலவற்றிலும் எதிர்ப்பு சக்திதான் தடுமாறுகிறது.

கவலையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சிலருக்குப் பெரிய அதிர்ச்சிக்கோ காய்ச்சலுக்கோ பிறகு ஆரம்பிக்கிறது, பலருக்கு அப்படி ஒன்றுமே இல்லாமலும் வருகிறது. இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். வீட்டு ஆள் எல்லை தாண்டிவிட்டார் என்று பிடித்துக் கொண்டுபோய் இலங்கைச் சிறையில் கிடக்கிறார், இங்கே மனைவி சோறு தூக்கம் இல்லாமல் கிடக்கிறார், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீவச் சீவக் கைநிறைய முடி வருகிறது. இது புழுவெட்டு இல்லை. உடம்பும் மனசும் அடிபட்டபின் தலை முழுக்கச் சீராகக் கொட்டுகிற வகை, பிரசவத்துக்குப் பிறகும் டைபாய்டு, டெங்குவுக்குப் பிறகும் வருவது இதுதான், பெரும்பாலும் சில மாதத்தில் தானே நின்றுவிடும். ஆக, வட்டமா, மொத்தமா என்று பாருங்கள்.

எப்படியிருந்தாலும், நீ கவலைப்பட்டதால்தான் முடி போச்சு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற சுமை போதும்.

சின்ன வெங்காயம் தேய்ச்சா முளைக்கும்னு பாட்டி சொல்றாங்க. தேய்க்கலாமா?

வெங்காயச் சாறு பற்றி 2002-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது, தண்ணீர் தடவியவர்களைவிட வெங்காயச் சாறு தடவியவர்களுக்கு அதிகமாக முளைத்தது என்று. ஆள் எண்ணிக்கை மிகக் குறைவு, அதை வைத்து மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாட்டி முட்டாள் இல்லை என்று சொல்ல அது போதும். தோலை லேசாக எரிச்சலூட்டினால் எதிர்ப்பு அணுக்களின் கவனம் திசைமாறும் என்பது பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பயன்படுகிற வழிதான், டிபிசிபி என்ற ரசாயனத்தை அளந்து, வாரத்துக்கு ஒரு முறை தடவி, வேண்டுமென்றே லேசான அலர்ஜியை உண்டாக்குவார்கள்.

அங்கே அளந்து செய்வதை இங்கே அளக்காமல் செய்கிறோம், அதுதான் வம்பு. வெங்காயத்தோடு மிளகும் உப்பும் வைத்து ரத்தம் கசியும் வரை தேய்க்கிறார்கள். பூண்டை நசுக்கி வைத்துக் கட்டித் தூங்கினால் தோல் வெந்து கொப்புளம் போடும். ஊமத்தங்காய்ச் சாறு விஷம், ரத்தம் கசிகிற தோலில் பட்டால் உள்ளே இறங்கும், மயக்கமும் உளறலும் வரலாம், சின்னப் பிள்ளைக்குப் போடவே கூடாது. எருக்கம்பால் வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். ஆற்றுத்தும்மட்டிக்காயைத் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு முடி முளைத்தால் பெயர் காய்க்குப் போகும், தானாகவே முளைத்திருக்கும் என்பதை யார் யோசிக்கிறார்கள்? சரி, பாட்டியின் மனசு நோகக் கூடாது என்றால் வெங்காயச் சாற்றை மட்டும், மெதுவாக, தேய்க்காமல் தடவிக் கழுவுங்கள். எரிந்தால் விட்டுவிடுங்கள்.

பாசியில அயோடின் இருக்கே, அதை அரைச்சுப் பூசினாலோ சாப்பிட்டாலோ நல்லதா?

பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா கேட்டது, நல்ல கேள்வி. மன்னார் வளைகுடாப் பாசி அகர், அல்ஜினேட் செய்யும் கம்பெனிகளுக்குப் போகிறது, அதில் அயோடின் இருப்பதும் நிஜம். ஆனால் அயோடின் குறைந்ததால் புழுவெட்டு வருவதில்லை. எதிர்ப்பு சக்தியால் தைராய்டு கெட்டவர்களுக்கு அளவில்லாமல் அயோடின் சேர்ந்தால் அது இன்னும் கெடலாம், அந்த மாதிரித் தைராய்டு கோளாறு புழுவெட்டுக்காரர்களிடம் கொஞ்சம் அதிகம் என்று மேலேயே சொன்னேன். ஆகவே வேண்டாம்.

மீன், கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் நிறுத்தணுமா?

சித்த மருந்து எடுக்கிறவர்களுக்கு அந்த வைத்தியர் பத்தியம் சொன்னால் அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது. நோயைப் பொறுத்தவரை மீனை நிறுத்தி எந்த லாபமும் இல்லை. முடி என்பதே புரதம், நம் ஊரில் அதற்கு மலிவான வழி மீன்தான். மத்தியும் சூடையும் நன்றாகவே சாப்பிடுங்கள், அதில் வைட்டமின் டியும் கிடைக்கும். இவ்வளவு வெயிலில் இருக்கிறோம், வைட்டமின் டி எப்படிக் குறையும் என்பார்கள். முழுக்க மூடி நடக்கிறவர்களுக்கும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் குறையும், ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். குறைந்தால் மாத்திரை, குறையாவிட்டால் தேவையில்லை.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். புழுவெட்டுக்கு அது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தால் ரிசல்ட் தப்பாக வரலாம், அதனால் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

ராமேஸ்வரத்துலயோ ஏர்வாடியிலயோ மொட்டை போட்டா வேர் பலப்படுமா?

நேர்த்திக்கடன் உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. கத்தி மேலே இருக்கிற முடியை மட்டும்தான் எடுக்கிறது, சண்டை தோலுக்கு அடியில் நடக்கிறது. மொட்டையால் நோய் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஒரு வசதி, தலை முழுக்க ஒரே மாதிரி ஆகிவிடுவதால் கொஞ்ச நாள் யாரும் கேட்க மாட்டார்கள்.

தானா சரியாகுமா, ஆகாதா?

ஒன்றிரண்டு சின்ன வட்டம் மட்டும் இருந்தால், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மருந்தில்லாமலே முளைத்துவிடும். அதனால்தான் சில டாக்டர்கள், பார்ப்போம், மூணு மாசம் கழிச்சு வாங்க என்று அனுப்புவார்கள். அவர் கவனிக்கவில்லை என்று திட்டாதீர்கள். ஆனால் சின்ன வயதில் ஆரம்பித்தது, பின்மண்டைப் பட்டை, நகமும் கெட்டிருப்பது, தலையில் பாதிக்கு மேல் போனது, வருஷக்கணக்கில் இருப்பது, இவை இருந்தால் சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிப்பது நல்லது. முளைத்த பிறகும் திரும்ப வரலாம், வேறு இடத்தில் வரலாம். இனி வரவே வராது என்று எழுதித் தருகிற வைத்தியர் யாராக இருந்தாலும் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முளைக்கிற முடி வெள்ளையா வருதே, நரையா?

நல்ல அறிகுறி அது. முதலில் பூனைமுடி போல மெல்லிசாக, நிறமில்லாமல் வரும், பிறகு பெரும்பாலும் கறுக்கும். இந்த நோய் நிறமுள்ள முடியை முதலில் தாக்கும், நரைத்த முடியை விட்டுவைக்கும். சிலருக்குக் கறுப்பு முடி வேகமாகக் கொட்டி வெள்ளை மட்டும் மிஞ்சும்போது ஒரே ராத்திரியில் நரைத்துவிட்டது போல இருக்கும்.

தலையில ஊசி போடணும்னு சொல்றாங்க. பயமா இருக்கு.

பெரியவர்களுக்குச் சின்ன வட்டங்கள் என்றால் அதுதான் நன்றாகக் கேட்கிற வழி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இன்சுலின் ஊசி போன்ற மெல்லிய ஊசியால் வட்டத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, தோலுக்குள் போடுவார்கள். சுருக் சுருக்கென்று குத்தும், பொறுக்க முடிகிற வலிதான். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. முளைப்பு தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். சில இடத்தில் தோல் லேசாகக் குழி விழலாம், பெரும்பாலும் பிறகு நிரவிவிடும். ஆறு மாதம் போட்டும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் வேறு வழி பார்ப்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஊசி போடுவதில்லை, ஸ்டீராய்டு களிம்பு அல்லது லோஷன்தான், அதையும் டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டும், நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் இழுத்தால் தோல் மெலிந்துவிடும்.

முடி வளரத் தருகிற மினாக்சிடில் மருந்தையும் துணைக்குத் தருவார்கள், தனியாக அது இந்த நோயை நிறுத்தாது.

ரொம்பப் போயிடுச்சு. மாத்திரை இருக்கா?

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் முறை இங்கே டாக்டர்களிடம் உண்டு, வேகமாகப் பரவுவதைப் பிடித்து நிறுத்த உதவும், நிறுத்தியதும் பலருக்குத் திரும்பக் கொட்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதிதாக வந்தவை ஜாக் தடுப்பு மாத்திரைகள். வேரைத் தாக்கச் சொல்லி அணுக்களுக்குள் போகிற சிக்னலை இவை மறிக்கின்றன. பாரிசிட்டினிப் என்ற மாத்திரையைக் கடுமையான புழுவெட்டுக்காக 2022-ல் அமெரிக்க மருந்துத் துறை பெரியவர்களுக்கு அனுமதித்தது, 2023-ல் ரிட்லெசிட்டினிப் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வந்தது. நம் ஊரில் டோஃபாசிட்டினிப் கிடைக்கிறது, மூட்டுவாதத்துக்கு வந்த மருந்து, முடிக்கும் சில டாக்டர்கள் எழுதுகிறார்கள். பலருக்கு நன்றாக முளைக்கிறது, எல்லோருக்கும் இல்லை, நிறுத்தினால் திரும்பவும் கொட்டுவது சகஜம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து என்பதால் ஆரம்பிக்கும் முன் காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமிகள், ரத்த அணுக்கள், ஈரல், கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். ஒளிந்திருக்கிற காசநோய் இதனால் கிளம்பலாம், அக்கி வரலாம், சிலருக்கு ரத்தம் உறையலாம். சீட்டு இல்லாமல் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

முடி நடவு செஞ்சுட்டா?

நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது நட்டால் அந்த முடியையும் தாக்கும். காசுதான் போகும்.

பிள்ளையை ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்க.

ஒட்டாத நோய் என்று டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி டீச்சரிடம் கொடுங்கள். தொப்பியோ ஸ்கார்ஃபோ போட அனுமதி கேளுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஒரு தடவை சொன்னால் பாதி கேலி நின்றுவிடும். வீட்டில் தினமும் தலையைப் பிரித்துப் பார்த்து உச்சுக் கொட்டாதீர்கள், பிள்ளைக்கு அதுதான் பெரிய நோய். சாப்பாடு, தூக்கம், பேச்சு குறைந்தால் மனநல டாக்டரிடம் காட்டுவதில் வெட்கம் வேண்டாம்.

பொண்ணு பார்க்க வர்றாங்க, சொல்லணுமா? பிறக்கிற குழந்தைக்கு வருமா?

சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் முடியைவிட மறைத்ததுதான் பிரச்சினையாகும். குழந்தை பெறுவதை இந்த நோய் தடுக்காது. வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் மினாக்சிடில், ஜாக் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

கடலுக்குப் போறவன் நான், வெயில்ல வழுக்கை எரியுது. என்ன செய்ய?

முடி இல்லாத தோல் சீக்கிரம் கருகும். பருத்தித் துண்டோ அகலமான தொப்பியோ போதும், சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தால் தடவுங்கள். இமை, புருவம் போனவர்களுக்குக் கடல்காற்றில் மணலும் வேர்வையும் நேராகக் கண்ணுக்குள் போகும், பக்கவாட்டில் மூடின கண்ணாடி போடுங்கள். விக் வைக்கலாம், ஆனால் நம் புழுக்கத்தில் முழு நாள் தாங்காது, உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

எங்கே காட்டறது, எப்போ போறது?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே முடியாததை மதுரைக்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், இதுவரை தடவின டியூப், சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், முதல் வட்டம் தெரிந்த அன்றே போனில் ஒரு படம் எடுத்து, பிறகு மாதம் ஒன்று அதே வெளிச்சத்தில் எடுத்து வைத்தால் டாக்டருக்கு ரொம்ப உதவும். விசைப்படகில் போகிறவர்கள் ஊசி ஆரம்பிப்பதானால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு ஊசி அதற்குள் முடிந்துவிடும். மூன்றாவது ஊசிக்கு மட்டும் ஒரு நாள் கடலுக்குப் போகிற அனுமதி டோக்கன் போடாமல் இருக்க வேண்டிவரும்.